சீஷெல்ஸ் தன் கடலை விற்றுவிடவில்லை

இந்தியப் பெருங்கடல் தீவு நாடான சீஷெல்ஸைப் பற்றி ஒருவர் "சீஷெல்ஸ் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி, கடலில் 30 சதவீதத்தை அமெரிக்க அமைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டது" என்கிறார். 30 சதவீதம் என்பது மட்டும் சரி.

கடனில் பெரும்பகுதி தள்ளுபடி ஆகவே இல்லை, கைமாறியது. சுமார் 2.16 கோடி டாலர் கடனை 2.02 கோடிக்குத் தீர்க்கக் கடன் கொடுத்த நாடுகள் ஒப்புக்கொண்டன. அந்தப் பணத்தைத் திரட்டித் தந்தது 'தி நேச்சர் கன்சர்வன்சி' என்ற அந்த அமெரிக்க அமைப்பு. அதிலும் பெரும்பகுதி கடன்தான். சீஷெல்ஸ் இப்போது தவணை கட்டுவது சீஷெல்ஸ் சட்டப்படியே 2015-ல் அமைந்த ஓர் அறக்கட்டளைக்கு. அங்கிருந்துதான் உள்ளூர்க் கடல் பாதுகாப்புத் திட்டங்களுக்கு நிதி போகிறது.

அப்புறம், அந்த 30 சதவீதக் கடலை 2020-ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது சீஷெல்ஸ் அரசு; உரிமையும் அதனிடமே. ஆவுளியாக்கள் (கடல் பசுக்கள்) மேயும் அல்டாப்ரா பவளத்தீவைச் சுற்றிக் கட்டுப்பாடு மிகக் கடுமை. ஆனால் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய பாதியில் விதிகளுக்கு உட்பட்டு மீன்பிடிக்கலாம்.

குறை சொல்லத்தான் வேண்டும் என்றால், தள்ளுபடி ஏன் ஏழு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை என்று கேளுங்கள்.