லாபம் பிரிக்க 32 பேர், கோர்ட்டில் மட்டும் ஒரே ஆளா?

அமெரிக்கக் கால்பந்து என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஹெல்மெட்டும் மோதலும்தான். என்னை இழுத்தது வேறு சங்கதி. அந்த ஆட்டத்தின் 32 அணிகள் சேர்ந்த லீக்கான என்எஃப்எல் தன் சட்டையையும் தொப்பியையும் விற்கிற விதம் இருக்கிறதே, அதில் கெட்டிக்காரத்தனமும் உண்டு, அழும்பும் உண்டு.

ஒரு ஜெர்சியை எடுத்துப் பாருங்கள். கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் 15-ஆம் எண், பேட்ரிக் மஹோம்ஸ் போடுவது. கழுத்துக்குக் கீழே தைத்திருக்கும் கேடயம் லீக்கின் சொத்து. நிறமும் வடிவமும் அணியுடையவை. டிக் அடித்த மாதிரி இருக்கும் குறி நைக்கியுடையது. முதுகில் உள்ள பெயருக்கு வீரர்கள் சங்கத்தின் வழியாகக் காசு போகிறது. இத்தனைக்கும், ரசிகர் கடையில் வாங்குகிற அந்தச் சட்டையைத் தயாரிக்கும் பொறுப்பு 2020 முதல் ஃபனாட்டிக்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்திடம். அதில் லீக்கே 2017-இல் முதலீடும் செய்தது! ஆளாளுக்குப் பங்கு வைத்த பிறகு விலை நூறு டாலரைத் தாண்டாமல் என்ன செய்யும்?

இதற்கெல்லாம் அடித்தளம் 1963-இல் தொடங்கிய என்எஃப்எல் ப்ராப்பர்ட்டீஸ். பீட் ரோசெல் கமிஷனராக இருந்த காலம். எல்லா அணிகளின் சின்னங்களுக்கும் ஒரே இடத்தில் உரிமம், வருகிற பணத்தில் எல்லோருக்கும் சம பங்கு. கிரீன் பே மாதிரி சின்ன ஊர் அணி இன்றும் நியூயார்க் அணிகளோடு மல்லுக்கட்ட முடிகிறதென்றால் இந்தப் பங்கீட்டு முறையும் ஒரு காரணம். இதில் எனக்குக் குறையே இல்லை.

டல்லஸ் கவ்பாய்ஸ் முதலாளி ஜெர்ரி ஜோன்ஸுக்குத்தான் பொறுக்கவில்லை. கூட்டுக் குடும்பத்தில் அதிகம் சம்பாதிக்கிற பிள்ளைக்கு வருகிற அதே எரிச்சல். 1995-இல் லீக்கின் ஸ்பான்சர் கோகோ கோலாவாக இருக்கும்போதே தன் ஸ்டேடியம் பெயரில் பெப்சியோடு கைகோத்தார், அடுத்து நைக்கி. லீக் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட, அவர் பதிலுக்கு 75 கோடி கேட்டார். மறு வருடமே சமரசம். பின்னாளில் கவ்பாய்ஸ் தன் சரக்கைத் தானே தயாரித்து விற்கும் ஏற்பாட்டையும் வாங்கிக்கொண்டது. அதாவது, பணபலம் உள்ளவர் முறுக்கினால் லீக் வளையும்.

அமெரிக்கன் நீடில் விஷயத்தில் அது வளையவில்லை. இல்லினாய் மாநிலத்தின் தொப்பி கம்பெனி. பல வருடமாக அணிச் சின்னம் போட்ட தொப்பிகளைச் செய்துவந்தது. 2000-இல் அணிகள் கூடி முடிவெடுத்து, தொப்பி உரிமம் மொத்தத்தையும் பத்து வருடத்துக்கு ரீபாக்குக்கே கொடுத்துவிட்டன. இது போட்டியை ஒழிக்கிற கூட்டுச் சதி என்று கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. அங்கே லீக் வைத்த வாதம்தான் வேடிக்கை: "நாங்கள் தனித்தனி அணிகள் அல்ல, வியாபாரத்தில் ஒரே நிறுவனம், நாங்களே எங்களோடு எப்படிக் கூட்டுச் சதி செய்ய முடியும்?" கீழ்க்கோர்ட்டுகளில் அது எடுபட்டது. ஜெயித்த லீக் அதோடு நிற்காமல், 'உச்ச நீதிமன்றமும் இதை விசாரிக்கட்டும்' என்று தானும் கேட்டது. நாடு முழுக்கச் செல்லும் தீர்ப்பாக வாங்கிவிடலாம் என்ற பேராசை.

2010 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்த 'ஒரே நிறுவனம்' வாதத்தை நிராகரித்தார்கள். தொப்பி செய்கிறவனுக்கு செயின்ட்ஸும் கோல்ட்ஸும் போட்டியிடக்கூடிய இரண்டு சப்ளையர்கள்தான் என்று எழுதினார் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். (அந்த பிப்ரவரியில்தான் இந்த இரண்டு அணிகளும் சூப்பர் பவுலில் மோதியிருந்தன. குசும்பான மனிதர்!)

தீர்ப்பால் என்ன மாறியது? பெரிதாக ஒன்றுமில்லை. 2012-இல் ரீபாக் போனது. சீருடை நைக்கிக்கு, வீரர்கள் மைதானத்தில் போடும் தொப்பி நியூ எராவுக்கு. அமெரிக்கன் நீடில் வழக்கு 2015-இல் சமரசத்தில் முடிந்தது.

போலிச் சரக்கைத் தடுக்கத்தான் இவ்வளவு கெடுபிடி என்பார்கள். போலியைத் தடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அதே 2010 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்து டி-ஷர்ட் வியாபாரிகளுக்கு, ஊர் ஜனங்கள் தங்கள் செயின்ட்ஸ் அணிக்காகக் காலங்காலமாகக் கத்திவந்த 'ஹூ டாட்' கோஷத்தைச் சட்டையில் போட்டதற்காக லீக்கிடமிருந்து நோட்டீஸ் பறந்தது. ஒரு செனட்டரே சண்டைக்கு வந்த பிறகுதான் லீக் இறங்கி வந்தது. 2024-இல் ஒரு வீரரின் மனைவி கிறிஸ்டின் யூஸ்செக் சீஃப்ஸ் ஜெர்சி மாதிரி தைத்த ஜாக்கெட்டைப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் போட்டுக்கொண்டு வந்தார். அந்த மாதமே யூஸ்செக்குக்கு லீக்கின் உரிமம் கிடைத்துவிட்டது. அவர் திறமைசாலிதான், மறுக்கவில்லை. ஆனால் மனசு வைத்தால் லீக்கால் சின்னத் தயாரிப்பாளருக்கும் உரிமம் கொடுக்க முடியும் என்பது தெரிந்துபோயிற்றே.

பணத்தைச் சமமாகப் பிரிப்பது வேறு, உரிமத்தை ஒருவருக்கே தாரை வார்ப்பது வேறு. முதலாவதுக்கு இரண்டாவது அவசியமே இல்லை. நைக்கியோடு 2038 வரை ஒப்பந்தம் போட்டாயிற்று, ஆகவே ஜெர்சியில் ஒன்றும் நடக்காது. தொப்பிக்காவது பழையபடி இன்னும் பல கம்பெனிகளுக்கு உரிமம் கொடுக்கலாம். 2000 வரை அப்படித்தானே கொடுத்தார்கள், லீக் என்ன திவாலாகிவிட்டதா?