ஏறமாட்டோம் என்று சொன்ன கொக்பிட்

2022 ஜூன் நடுவில் இலங்கையைப் பற்றி உலகத்துக்குப் போன நல்ல செய்தி அநேகமாக ஒன்றுதான். லண்டன் ஹீத்ரோவிலிருந்து 275 பயணிகளோடு கொழும்பு வந்துகொண்டிருந்த ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் விமானம் யூஎல் 504, துருக்கிக்கு மேலே 33,000 அடியில் இருந்தது. அங்காரா கட்டுப்பாட்டு மையம் 35,000 அடிக்கு ஏறச் சொன்னது. அந்த உயரத்தில், பதினைந்து மைல் தூரத்தில், ஒரு பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் விமானம் போவது இந்த விமானிகளுக்கு கொக்பிட் திரையில் தெரிந்தது. சொன்னார்கள். அப்படி எதுவும் இல்லை, ஏறலாம் என்று பதில் வந்தது. இவர்கள் ஏறவில்லை. சில நிமிடங்களில் அதே மையம் அவசரமாகக் கூப்பிட்டு, ஏற வேண்டாம், மேலே விமானம் இருக்கிறது என்றது.

மயிரிழையில் தப்பியது என்று பத்திரிகைகள் எழுதின. மோதும் ஆபத்தே இருக்கவில்லை என்றது நிறுவனம். ஆபத்து இல்லாமல் போனதே அவர்கள் ஏறாமல் விட்டதால்தானே!

ஓய்வுபெற்ற விமானி என்ற முறையில் என்னிடம் பலர் இதைப் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் அன்றைக்கு நாடு இருந்த நிலையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஏப்ரல் 12ஆம் திகதியே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360ஐத் தொட்டிருந்தது. பெற்றோல் வரிசையில் சனம் இரவிரவாகக் காத்துக் கிடந்தது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் போதிய ஜெட் எரிபொருளும் இல்லை.

எரிபொருள் இல்லாத விமான நிலையம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கிட்டத்து ஊர்களிலிருந்து வரும் விமானம் திரும்பிப்போக வேண்டியதையும் சேர்த்து அங்கேயே நிரப்பிக்கொண்டு வரும். அப்படிச் சுமக்கும் மேலதிக எரிபொருளில் மணித்தியாலத்துக்கு மூன்று நான்கு வீதம், அதைச் சுமப்பதற்கே எரிந்து போகும். தரையிறங்கும்போது எடை வரம்பை உரசிக்கொண்டு நிற்கும். மெல்பேர்ன், பிராங்பேர்ட் மாதிரி தூரத்துப் பயணங்களுக்கு இந்த வித்தை சரிவராது. அவை திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. அந்த நேரத்தில் கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு தரிப்பு கூடினால் இன்னொரு இறக்கம், இன்னொரு ஏற்றம், தரையில் காத்திருப்பு. அத்தனைக்கும் விமானியின் கடமை நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். இறக்கங்கள் கூடக் கூட அனுமதிக்கப்பட்ட நேரம் குறையும் என்பதுதான் பொதுவான விதி. எதிர்பாராத தடங்கல் வந்தால் கப்டன் தன் தீர்மானத்தில் அதைக் கொஞ்சம் நீட்டலாம். புயல், மூடிய ஓடுபாதை, திடீர் பழுது போன்றவற்றுக்காக வைத்த சலுகை அது. கஷ்ட காலத்தில் அதுவே வழமையாகிவிடும். நான் வேலை செய்த ஓரிடத்தில் ரோஸ்டர் (யாருக்கு எப்போது வேலை என்ற அட்டவணை) போடும் மேசையிலிருந்து நடுச்சாமத்தில் கோல் வரும்: "சேர், நீங்கள் நீட்டித் தராவிட்டால் சனம் நடுவழியில நிண்டிடும்." இதைக் கேட்டுவிட்டு இல்லை என்று சொல்வது 35,000 அடியில் இல்லை என்று சொல்வதைவிடக் கஷ்டம். மேலே இருக்கும்போது திரையே சாட்சி. தன் களைப்புக்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது?

1977இல் ஸ்பெயினின் தெனெரீஃப் தீவு ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் செத்தார்கள். மூடுபனி, ஒன்றின்மேல் ஒன்று விழுந்த வானொலிப் பேச்சு எல்லாம் காரணம். கடமை நேரம் முடியப்போகிறது என்ற அவசரமும் பின்னால் இருந்தது. மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று, மேலெழும்ப ஓடத் தொடங்கிய விமானத்தின் ஃபிளைட் இன்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்றார் கப்டன். மூத்தவரோடு அதற்கு மேல் யார் வாதாடுவது? அந்த விபத்துக்குப் பிறகுதான் மேலதிகாரியை மறுத்துப் பேசுவதையும் ஒரு பயிற்சியாகவே எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பயிற்சி கொக்பிட் கதவுக்குள் நன்றாக வேலை செய்கிறது. வெளியே, சம்பளமும் ரோஸ்டரும் முடிவாகும் அறையில், அப்படியொரு பயிற்சி யாருக்கும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இதனால்தான் வெளிநாட்டுக்குப் போன இளம் விமானிகளை நன்றி கெட்டவர்கள் என்று திட்டும்போது எனக்குக் கோபம் வருகிறது. வீட்டுக் காணியை ஈடு வைத்துப் படித்த பிள்ளைகள். ரூபாய் சரிந்தது, அப்புறம் 2023 ஜனவரியில் வருமான வரி 36 வீதம் வரை போனது. கல்ஃப் கம்பனி கூப்பிட்டால் போகாமல் என்ன செய்வார்கள்? போகாமல் நின்றவர்களுக்கும் நாங்கள் கொடுத்தது அதிக மணித்தியாலங்களும், தேசப்பற்று என்ற பட்டமும்தான். 2001இல் கட்டுநாயக்கத் தாக்குதலில் விமானங்கள் எரிந்தபோதும் இதே பேச்சுத்தான். தியாகம் செய்பவரிடம் இன்னும் கொஞ்சம் கேட்பது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது.

என்னைக் கேட்டால், எந்த விமான நிறுவனமும் வருடத்தில் எத்தனை தடவை கடமை நேரம் நீட்டப்பட்டது என்பதைப் பகிரங்கமாக வெளியிடவேண்டும். இலாப நட்டக் கணக்கு வெளியிடுகிறார்களே, அதோடு இதையும் ஒரு வரியாகப் போடலாம். செய்வார்களா என்றால், சந்தேகம்தான்.

போன மாதம் ஒரு பெடியன், வெளிநாட்டு நேர்முகத் தேர்வுக்குப் போவதா விடுவதா என்று கேட்டான். போ என்றேன். சம்பளத்தைக் கடைசியாகக் கேள், களைப்பாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த விமானிக்கு அங்கே அடுத்த மாதம் என்ன ரோஸ்டர் வந்தது என்பதை அங்கே வேலை செய்யும் எவரிடமாவது முதலில் விசாரி என்றும் சொன்னேன்.