மீட்டிங்கில் முதலில் யார் பேசுகிறார்?

"மீட்டிங்கில் யாரும் கவனிப்பதே இல்லை, எல்லாரும் போனைத்தான் பார்க்கிறார்கள்" என்று மேனேஜர்கள் புலம்புவதை அடிக்கடி கேட்கிறேன். அடுத்த வாரமே ஒரு சர்க்குலர் வரும். போனை வெளியே வைத்துவிட்டு வாருங்கள், ஆன்லைன் என்றால் கேமராவை ஆன் செய்யுங்கள் என்று. இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. தான் வாயைத் திறந்தாலும் எதுவும் மாறாது என்று தெரிந்த இடத்தில் யாருக்கும் கவனம் நிற்காது.

நான் வேலை பார்ப்பது வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில். காலையில் ஷிப்ட் மாறும்போது மெஷின் பக்கத்திலேயே நின்றபடி கொஞ்ச நேரம் பேசுவோம். முந்தின ஷிப்டில் ரிஜெக்ட் ஆன பீஸை யாராவது எடுத்து வருவார்கள், அது ஒவ்வொருவர் கையாக மாறிப் போகும். ஒருநாள் வந்த பீஸில் துளையின் ஓரத்தில் பிசிறு. மெட்டீரியல்தான் சரியில்லை என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. டிப்ளமோ முடித்து வந்த டிரெய்னி பையன் அதை வாங்கி நகத்தால் வருடிப் பார்த்துவிட்டு, "சார், நைட்டு டூல் மாத்தினதுக்கு அப்புறம் வந்த பீஸ்லதான் இது இருக்கு" என்றான். லாக் புக்கைப் புரட்டினால் அவன் சொன்னதுதான் சரி. அந்த இடத்தில் யாரும் போனை எடுத்து நான் பார்த்ததில்லை.

இதே ஆட்கள்தான் திங்கட்கிழமை ரிவியூவுக்கு ஏசி அறையில் வந்து உட்காருகிறார்கள். திரையில் எக்ஸெல் ஷீட், ஒவ்வொரு வரியாக வாசிப்பு. பர்ச்சேஸ்காரர் தன் வரி வரும்வரை காத்திருந்து, "ஃபாலோ அப் பண்ணிட்டிருக்கோம் சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி போனில் குனிந்துகொள்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்ற வரிகளில் அவருக்கு என்ன வேலை? மெயிலில் போயிருக்க வேண்டிய விஷயத்துக்கு அத்தனை பேரின் காலைப் பொழுது போகிறது.

அந்த டிரெய்னியும் அங்கே இருப்பான், வாய் திறக்க மாட்டான். பெரியவர் முதலிலேயே "என்னைப் பொறுத்தவரை இது சப்ளையர் பிரச்சினைதான்" என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? நம் ஊரில் மேலதிகாரியை மறுத்துப் பேசுவது லேசான காரியமா? இந்திய ராணுவ நீதிமன்றங்களில் இதற்கு எழுதிவைத்த விதியே உண்டு. 1954-ஆம் ஆண்டின் ராணுவ விதிகளின்படி, அங்கே உறுப்பினர்களின் கருத்தைப் பதவியில் இளையவரிடமிருந்துதான் கேட்டு வர வேண்டும். மூத்தவர் சொன்னதற்கு இளையவர் தலையாட்டிவிடக் கூடாதல்லவா? சீருடைக் கட்டுப்பாடு மிகுந்த ராணுவத்துக்கே இது முடியுமென்றால் ஒரு கம்பெனிக்கு ஏன் முடியாது? மேனேஜர் கடைசியில் பேசட்டும். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதிப் போன்கள் தானாகப் பைக்குள் போய்விடும்.

அமேசானில் 2004-இல் ஜெஃப் பெசோஸ் தன் மூத்த அதிகாரிகளின் கூட்டங்களில் பவர்பாயின்ட்டை நிறுத்தினார். அதற்குப் பதிலாக ஆறு பக்கத்துக்கு மிகாத குறிப்பு. கூட்டம் தொடங்கியதும் எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து அமைதியாக அதைப் படிப்பார்கள், பேச்சு அப்புறம்தான். முன்கூட்டியே படித்துவிட்டு வரச் சொன்னால் படிக்காதவரும் படித்ததுபோல் காட்டிக்கொள்வார் என்பது அவர் சொன்ன காரணம். எனக்கு இதில் பிடித்தது, எல்லாரும் ஒரே தகவலோடு பேச்சில் இறங்குவதுதான். நமக்கு ஆறு பக்கம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். இன்று எதை முடிவு செய்யப் போகிறோம் என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும். அப்படி ஒரு வரி எழுத வரவில்லையென்றால் அந்த மீட்டிங்கையே ரத்து செய்துவிடலாம்.

ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று ஆன்லைன் மீட்டிங்குகளை அடுக்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021-இல் மைக்ரோசாஃப்ட் 14 பேரின் மூளை அலைகளை அளந்து பார்த்தது. இடைவெளி இல்லாமல் அரை மணி நேரக் கூட்டங்கள் தொடர்ந்தபோது மன அழுத்தத்தின் அடையாளம் கூடிக்கொண்டே போனது. நடுவே பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தபோது கூடவில்லை. இனியாவது 11 மணிக்கு முடியும் கூட்டத்துக்கு அடுத்ததை 11 மணிக்கே போடாதீர்கள்.

இன்னொன்று, எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. போன வாரம் ஒருவர் ஒரு யோசனை சொன்னார் என்றால் அது என்ன ஆயிற்று என்று இந்த வாரம் அவருக்குச் சொல்ல வேண்டும். செய்தோம், செய்யவில்லை, ஏன் செய்யவில்லை, எதுவானாலும் சரி. எங்கள் ரிவியூவில் இதற்கு ஒரு நேரம் ஒதுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஆபீஸில் இப்படி நடக்கிறதென்றால் எப்படி நடத்துகிறீர்கள் என்று சொல்லுங்கள், எங்கள் ஆட்களிடம் காட்டுகிறேன்.