முதலில் ஒரு நாற்காலி போடுங்கள்

ஏற்காட்டில் எடுத்த அந்த வீடியோவை இரண்டு நாளாக ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். கடை பெயரை நான் எழுதப் போவதில்லை, கமெண்ட்டிலும் தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள், கடைசியில் அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் தலையில்தான் வந்து விடியும். ஆனால் பேசாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்களை அவர்களுடைய வார விடுமுறை அன்று விடிகாலையில் வேனில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே கொண்டுபோய், கைதட்டி "என்னால் முடியும்" என்று கத்த வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பெண் முடியாமல் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். பயிற்சி கொடுக்க வந்தவர் மைக்கில், "சோர்வு உடம்புல இல்ல, மனசுலதான் இருக்கு" என்று சொல்லி அவளை எழுப்பி நிறுத்துகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள்.

சோர்வு உடம்பில்தான் ஐயா இருக்கிறது. காலில் இருக்கிறது, இடுப்பில் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்று, புடவையைப் பிரித்துக் காட்டி, வந்தவர்கள் வாங்காமல் போனதும் திரும்ப மடித்து அடுக்கிப் பாருங்கள், தெரியும்.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் திருத்தம் கொண்டுவந்து சேர்த்தார்கள். கேரளத்தில் அதற்கும் முன்பே, 2018ல். அங்கே ஜவுளிக்கடைப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடித்தான் அதை வாங்கினார்கள். வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை என்பதும் சட்டம்தான். அந்த ஒரு நாளைத்தான் இவர்கள் ஊக்கம் கொடுக்கிறோம் என்று எடுத்துக்கொண்டார்கள். உட்கார நாற்காலி போடாமல், விடுமுறையையும் பிடுங்கிக்கொண்டு, சிறந்த டீமாக மாறுங்கள் என்றால் எப்படி மாறுவார்கள்?

வீடியோவில் அந்தப் பயிற்சியாளர் ஹெர்ஸ்பெர்க் பெயரைச் சொல்கிறார். "சம்பளத்தால் ஊக்கம் வராது என்று அமெரிக்க உளவியலாளரே நிரூபித்திருக்கிறார்" என்கிறார். பாதியைச் சொல்லிப் பாதியை விட்டுவிட்டார். ஹெர்ஸ்பெர்க் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி, 1959ல் வெளியிட்டது இரண்டு விஷயம். வேலையில் ஒன்றைச் சாதித்தோம் என்ற நிறைவு, அதற்கு அங்கீகாரம், பொறுப்பு, வளர்ச்சி, இவைதான் ஊக்கத்தைக் கொடுக்கும் என்றார், உண்மைதான். கூடவே, சம்பளமும் வேலைச்சூழலும் மேலதிகாரியின் நடத்தையும் சரியில்லை என்றால் மனக்கசப்பு வளரும் என்றும் அதே ஆள்தான் சொன்னார். அந்த இரண்டாவது பாதிதான் நாற்காலி. அதை மட்டும் மலையடிவாரத்திலேயே இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் கல்லூரி படிக்கும்போது லீவில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதப் போவேன். ஓனரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார், ஊக்கம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. வெள்ளியை எங்கள் முன்னாலேயே எடை போட்டுக் கொடுப்பார், எங்கள் முன்னாலேயே எடை போட்டு வாங்குவார். ஒரு தடவை சேதாரம் வழக்கத்தைவிட நிறையப் போய்விட்டது. மற்ற இடமாக இருந்தால் யார் எடுத்தது என்றுதான் முதல் கேள்வி வரும், சட்டைப்பையைத் தடவிப் பார்த்த பட்டறைகளும் உண்டு. இவர், "எந்த இடத்துல போகுதுன்னு பாருங்கப்பா" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே பற்றவைக்கிற பையன் அவனாக வந்து, "சூடு அதிகமாயிடுதுண்ணா, சில கண்ணி உருகிப் போச்சு" என்று சொன்னான். பற்றவைக்கிற விளக்கைச் சரிசெய்தார்கள், சேதாரம் குறைந்தது, அந்தப் பையன் சம்பளத்தில் ஒரு பைசா பிடிக்கவில்லை. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்குப் பட்டறையைப் பூட்டிவிடுவார், எவ்வளவு பெரிய ஆர்டர் நின்றாலும் சரி. தீபாவளி நெருக்கத்தில் அதே ஆட்கள் யாரும் சொல்லாமலே ராத்திரி உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்கள்.

கூகுள் 2012ல் தொடங்கித் தன்னுடைய சுமார் 180 குழுக்களை ஆராய்ந்து பார்த்ததில், நன்றாக வேலை செய்கிற குழுக்களில் முதலில் தென்பட்டது என்ன தெரியுமா? தப்பு நடந்தால் பயமில்லாமல் வாயைத் திறக்கலாம் என்ற நிலைமை. செவ்வாய்ப்பேட்டை அண்ணனுக்கு எந்த ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை. கால் வலிக்கிறது என்று உட்கார்ந்த பெண்ணை மைக்கில் கூப்பிட்டுச் சிரிக்க வைத்த கடையில், நாளைக்கு பில்லில் ஒரு தப்பு நடந்தால் யார் வந்து சொல்வார்கள்?

இப்போது சிலர் வருவீர்கள். "ஓனர் நல்ல எண்ணத்தில்தானே கூட்டிப்போனார், பிரியாணி போட்டார், எல்லாப் பெண்களும் ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்" என்று. சரி, எண்ணம் நல்லதாகவே இருக்கட்டும். வேலை நாளில் சம்பளத்தோடு கூட்டிப்போயிருந்தால் இந்தப் பதிவே கிடையாது. "நாற்காலி போட்டால் உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார், படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை எனக்கு. கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்துதானே இருக்கிறார், அவர் வேலை செய்யவில்லையா? "உனக்குத் தொழில் நடத்தத் தெரியுமா, ஆன்லைனில் வாங்குகிறார்கள், வாடகை ஏறிவிட்டது" என்பதும் வரும். வாடகை ஏறியது உண்மை. அந்தப் பெண்ணின் வீட்டு வாடகை ஏறவில்லையா?

என் அக்கா ஒரு கடையில், இந்தக் கடை இல்லை, பல வருஷம் புடவை செக்‌ஷனில் நின்றாள். கடையை மூடி, கணக்கு முடித்து, வாழப்பாடிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் புது பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவாள். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலநீலமாக நிற்கும், ராத்திரி அம்மா எண்ணெய் தேய்த்துவிடுவாள். டார்கெட்டைத் தாண்டிய மாதம் அவளுக்குக் கேடயம் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். அதே மாதம் காய்ச்சலுக்கு எடுத்த லீவுக்குச் சம்பளம் பிடித்தார்கள். அந்தப் போட்டோவை வீட்டில் மாட்ட அவள் விடவே இல்லை. அவளுக்கு விற்கத் தெரியாதா? ஒரு குடும்பம் உள்ளே வந்ததும் கல்யாணத்துக்கா வளைகாப்புக்கா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். எந்தப் புடவையை அதிகம் வாங்கி வைக்கலாம் என்று அவளிடம் ஒரே ஒரு தடவைகூட யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் அவளுக்கு அதுவே போதும். அதைத்தான் ஹெர்ஸ்பெர்க் அங்கீகாரம் என்கிறார். இப்போது அவளுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. அதனால்தான் அந்த வீடியோவை எனக்கு வேடிக்கையாகப் பார்க்க முடியவில்லை, புரிந்துகொள்ளுங்கள்.

பின்குறிப்பு: கடைக்காரருக்கு வேண்டியவர் என்று சொல்லி ஒருவர் போன் செய்து பதிவை எடுக்கச் சொன்னார், "நம்ம ஊர்க்காரர்தானே" என்றார். அந்தப் பெண்களும் நம்ம ஊர்தான் அண்ணா. பதிவு இருக்கும். அந்த ஃப்ளோரில் இருக்கை போட்டு, எடுத்த விடுமுறைக்கு ஈடாக ஒரு நாள் கொடுத்துவிட்டார்கள் என்று அங்கே வேலை செய்கிறவர்களே எனக்குச் சொல்லட்டும், அன்றைக்கே கடை பெயரைப் போட்டுப் பாராட்டி எழுதுகிறேன்.