ஆய்வுகூடத் திறப்பு நேரசூசிக்குள் கிடக்கிறது

யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானச் செய்முறை ஏன் நடப்பதில்லை என்று கேட்டால் உடனே வருகிற மறுமொழி, "சாமான் இல்லை". சில பள்ளிக்கூடங்களில் அது உண்மைதான். ஆனால் முகவையும் கூம்புக்குடுவையும் அலுமாரி நிறையத் தூசு பிடித்து நிற்கிற இடங்களிலும் இதே மறுமொழிதான் வருகிறது. என்னைக் கேட்டால் முதலில் பிடிக்க வேண்டியது நேரசூசியை.

சாதாரண தரத்தில் (தரம் 11 முடிவில் எழுதும் பரீட்சை) வருகிற, இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையை எடுங்கள். செவ்வரத்தை இலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட வேண்டும். பிறகு மதுசாரம் உள்ள சோதனைக் குழாயில் இட்டு, அந்தக் குழாயைச் சுடுநீர் முகவைக்குள் வைக்க வேண்டும். பச்சை முழுக்கக் கழரப் பத்து நிமிடமாவது ஆகும். வெளியே எடுத்தால் இலை மொறுமொறுவென்று உடையும். இளஞ்சூட்டு நீரில் தோய்த்து இளக்கி, விரித்து, அயடீன் விட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். மாப்பொருள் இருந்தால் கருநீலமாகும். இதற்குள் தண்ணீர் கொதிக்கிற நேரம், எட்டுக் குழுவுக்குச் சாமான் பகிர்கிற நேரம், கழுவி வைக்கிற நேரம் எல்லாம் இருக்கின்றன. ஒற்றைப் பாடவேளைக்குள் இதை அடக்கப் பார்த்தால் பச்சை பாதி கழரும்போதே அயடீனை ஊற்ற வேண்டிவரும். அந்தக் கரும்பச்சையைப் பார்த்துப் பிள்ளை "கருநீலம்" என்று எழுதும். அவசரத்தில் மதுசாரத்தை நேரே சுவாலையில் பிடிப்பதும் இப்படித்தான் நடக்கிறது. மதுசாரம் 78 பாகையிலேயே கொதித்துவிடும். கேத்தில் தண்ணீரே போதும், பக்கத்தில் நெருப்பே வேண்டாம்.

இன்னொரு சங்கதியைப் பலர் யோசிப்பதில்லை. முதலாம் பாடத்தில் முற்றத்துச் செடியில் பிடுங்கிய இலை, முந்திய இரவு முழுக்கத் தன் மாப்பொருளை வெல்லமாக்கி மற்றப் பாகங்களுக்கு அனுப்பிவிட்ட இலை. அயடீன் விட்டால் மஞ்சட்கபிலமாகவே நிற்கும். ஆசிரியர் தடுமாறுவார், பிள்ளைகள் சிரிப்பார்கள். அதே செடியில் பதினொரு மணி வெயில் குடித்த இலையைப் பிடுங்குங்கள், கருநீலம் தெளிவாக வரும்.

ஆகவே செய்முறைக்கு இரட்டைப் பாடவேளை வேண்டும், அதுவும் இடைவேளைக்குப் பிறகு வேண்டும். இடமில்லை என்பார்கள். கணக்குப் போடுவோம். தரம் 6 முதல் 11 வரை மும்மூன்று பிரிவென்றால் 18 வகுப்புகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு இரட்டை என்றால் வாரத்துக்கு ஒன்பது. இடைவேளைக்குப் பின் நாலு பாடவேளை இருக்கிற பள்ளிக்கூடத்தில் நாளுக்கு இரண்டு இரட்டை, வாரத்துக்குப் பத்து. ஒரே ஒரு ஆய்வுகூடத்தில் அத்தனையும் அடங்கி ஒன்று மிஞ்சுகிறது. காலைப் பாடவேளைகள் உயர்தரத்துக்கு (தரம் 12, 13). ஆனால் இந்த இரட்டைகளை நேரசூசியில் முதலில் குறித்துவிட்டுத்தான் மற்றப் பாடங்களைப் போட வேண்டும். கடைசியில் போனால் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

அடுத்தது வேண்டுகைச் சீட்டு. ஆய்வுகூட உதவியாளரைச் செய்முறை நடக்கிற நாள் காலையில் கூப்பிட்டு "அயடீன் இருக்கோ" என்று கேட்பதில் பிரயோசனமில்லை. இரண்டு நாள் முன்பே என்ன, எத்தனை குழுவுக்கு, என்ன செறிவில் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அயடீன் தண்ணீரில் இலேசில் கரையாது. இரண்டு கிராம் பொற்றாசியம் அயடைட்டைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, அதற்குள் ஒரு கிராம் அயடீனைக் கரைத்து, பிறகு 300 மில்லிலீற்றராக்கிக் கபிலப் போத்தலில் வைக்க வேண்டும். அமிலம் ஐதாக்குவதென்றால் தண்ணீருக்குள்தான் அமிலம், ஒருநாளும் மாறி அல்ல.

கரைசல் செய்யக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கிற பழக்கத்தையும் விட வேண்டும். எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது. கரையோரக் கிணறுகளில் உப்பும் கலந்திருக்கும். வெள்ளிநைத்திரேற்றுப் பளிங்கை அதில் போட்டால் உப்பிலுள்ள குளோரைட்டால் கரைசல் உடனே பாலாகிவிடும், காசும் போச்சு. காய்ச்சி வடித்த நீர் பற்றரிக் கடையிலேயே கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த வெளியில் சுத்தமான வாளி வைத்துப் பிடித்த நீர் அநேகமான சாதாரண தரக் கரைசல்களுக்குப் போதும். அதே கிணற்று நீரையும் மழைநீரையும் இரண்டு குழாயில் சம அளவு எடுத்து, ஒரே அளவு சவர்க்காரக் கரைசல் விட்டுக் குலுக்கினால் வன்னீர் (சவர்க்காரம் இலேசில் நுரைக்காத நீர்) பற்றிய பாடம் கண்முன்னே நடந்துவிடும். செலவே இல்லை.

ஆசிரியர் பங்கீடு பற்றியும் ஒரு சொல். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் ஒரே பாடம். உயிரியல் படித்தவர் மின்னியலை வேகமாகத் தாண்டுவதும், பௌதிகம் படித்தவர் உயிர்க்கலத்தைக் கரும்பலகையில் கீறி முடிப்பதும் வழமை. கொள்கைப் பாடவேளைகளில் இரண்டு பிரிவுக்கு ஒரே நேரத்தைப் போட்டால் அலகு பார்த்து இருவரும் வகுப்பை மாற்றிக்கொள்ளலாம். தரம் 6 ஐ "மிச்சமாக இருக்கிறவருக்கு" கொடுக்கிறதையும் நிறுத்த வேண்டும். ஆய்வுகூடப் பழக்கம் பிடிபடுகிற வயது அதுதான்.

சாதாரண தரப் பரீட்சைக்குச் செய்முறை இல்லையே என்று கேட்பவர்கள் இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரைப் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். ஒழுங்கமைப்பின் படத்தைக் கொடுத்து, இந்தப் படி எதற்கு, என்ன அவதானிப்பீர் என்றுதான் கேட்கிறார்கள். ரியூட்டரியில் அதை மனப்பாடமாக்கித் தருவார்கள்தான். ஆனால் கொதிநீரில் இலையை ஏன் போட்டோம் என்று கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால், இலை உடைந்து கையில் ஒட்டிய பிள்ளை யோசித்து எழுதும், மற்றது கொப்பியில் இருந்த வசனத்தைத் தேடும்.