ரூஃப் பேட்ஜ் மட்டும் போதாது

ரூஃப் (RUF) என்ற ஜெர்மன் கார் நிறுவனத்தைப் பற்றி மேலே தம்பி ஒருவர், "பின்னால் ரூஃப் பேட்ஜ் இருந்தால் அது ரூஃப் கார்தான், சாதாரண போர்ஷே 911-ஐவிட மூன்று மடங்கு தாராளமாகக் கொடுக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். இது தவறு. நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

ரூஃப் 1981-லிருந்து ஜெர்மனியில் தனி கார் தயாரிப்பாளராக அங்கீகாரம் பெற்ற நிறுவனம். போர்ஷேயிடம் வெறும் பாடியை வாங்கி அவர்களே முழுதாகக் கட்டிய காரின் சேசிஸ் எண் டபிள்யூ09 என்று தொடங்கும். வாடிக்கையாளர் கொண்டுவந்த போர்ஷேயை மாற்றிக் கொடுத்திருந்தால் பழைய போர்ஷே எண்ணே இருக்கும். 80-களின் கார் என்றால் டபிள்யூபி0. அதுவும் நல்ல கார்தான், ஆனால் விலை வேறு. 1987-இல் வந்த ரூஃபின் சிடிஆர் மாடல் அப்படித் தனி எண்ணில் 29 மட்டுமே. மூன்றாவது வகை, வேறு யாரோ பாகங்களை மாட்டி பேட்ஜ் ஒட்டியது. அதற்கு எதற்கு மூன்று மடங்கு?

போன வருடம் பினாங்கில் நண்பருக்காக ஒரு காரைப் பார்த்தேன். பார்க்க அவ்வளவு அழகு! முன் பானெட்டைத் திறந்தால் டபிள்யூபி0. மாற்றிய வேலைக்கு ஒரு பில்கூட இல்லை. திரும்பி வந்துவிட்டோம்.

இன்ஜின் எண்ணையும் பதிவு அட்டையோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை), புஸ்பகோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) என்று அலைவது வாங்கியவர்தான். அப்புறம், சேசிஸ் எண்ணை ரூஃபுக்கே அனுப்பிக் கேளுங்கள், பதில் வரும்வரை விலை பேச வேண்டாம்.