டிராகுலா ‘வாருங்கள்’ என்றுதான் சொல்வார்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ‘டிராகுலா’ நாவலில் நான் தமிழாக்கிய பக்கங்களில் இரண்டைக்கூடத் தாண்டாமல், "உங்க டிராகுலா என்னங்க, சம்பந்தி மாதிரி மரியாதையாப் பேசுறான்?" என்று ஒருவர் கேட்க, மொத்த அறையும் சிரித்தது. ‘வாருங்கள்’ என்பதை ‘வாடா’ ஆக்கி, ‘கொடூரமான’, ‘ரத்தவெறி பிடித்த’ என்று அடைமொழி சேர்த்து அவர் வாசித்ததற்குக் கைதட்டல் வேறு.

பயமே அந்த மரியாதையில்தான் இருக்கிறது. 1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் நாவலைப் பாருங்கள். உங்கள் விருப்பப்படியே உள்ளே வாருங்கள் என்று வாசலில் நின்று அழைக்கிறார் டிராகுலா பிரபு. கை கொடுக்கிறார், பனிக்கட்டியாகச் சில்லிடுகிறது. விருந்தாளிக்குக் கோழி வறுவல் வைத்துவிட்டு, தான் ஏற்கெனவே சாப்பிட்டாயிற்று என்கிறார். அப்புறம் ஒரு நாள் கதவிடுக்கில் பார்த்தால், பிரபுவே மேஜையில் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவு பெரிய கோட்டையில் வேலைக்காரர் ஒருவர்கூட இல்லை! இதற்கு எந்த அடைமொழி வேண்டும்?

ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’. தமிழில் நீயா, நீங்களா, அவனா, அவரா என்று நான்தான் முடிவு செய்தாக வேண்டும். ‘அவர்’ என்று தொடங்கினேன். பிரபு கோட்டைச் சுவரில் தலைகீழாகப் பல்லிபோல் இறங்குவதை, விருந்தாளியாக வந்து நாட்குறிப்பு எழுதும் ஹார்க்கர் பார்க்கிறான் அல்லவா, இது என்ன மனிதன், மனித உருவில் வந்த என்ன பிராணி என்று மூலமே அங்கே தடுமாறுகிறது. அங்கேதான் ‘அது’ என்று எழுதினேன். முதல் பக்கத்திலேயே ‘வாடா’ என்றால் அந்த ‘அது’வுக்கு என்ன வேலை?

அந்தச் சொல் பாட்டி கொடுத்தது. மந்தைவெளி வீட்டில் கரண்ட் போன ராத்திரிகளில் பேய் என்று அவள் வாய் திறந்து சொன்னதே இல்லை. இருட்டினால் பாம்பையே ‘பூச்சி’ என்பாள். பின்கட்டுக் கிணற்றுப் பக்கம் முகத்தை மட்டும் திருப்பி, குரலை இறக்கி, "அங்க அது இருக்கு" என்பாள். அவ்வளவுதான். நான் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டேன்.

இன்றைய வாசகனுக்குப் பொறுமை இல்லை என்பதெல்லாம் சாக்கு. சினிமா பார்த்தவனுக்குப் பல்லையாவது காட்ட வேண்டாமா என்கிறீர்களா? சரி, முதல் சந்திப்பிலேயே அது இருக்கிறது. மூக்கு, புருவம், காது என்று நாட்குறிப்பில் நிதானமாக எழுதிக்கொண்டு போகிறவனின் வரிகளுக்கு நடுவே, கூர்மையான வெள்ளைப் பற்கள், உள்ளங்கையில் முடி. நிதானமாக எழுதுகிறான், அதனால்தான் நடுங்குகிறது.

பேய்க்கதைக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்காதீர்கள். ஆறு மாதம், ஆபீஸ் முடிந்து வந்து, ஒரு ‘அவர்’ எந்த வரியில் ‘அது’ ஆகும் என்று உட்கார்ந்து யோசித்தவள் நான். சிரித்தவர்களில் ஒருவர்கூட அந்த வரி வரைக்கும் வரவில்லை. ‘வாருங்கள்’ அப்படியேதான் இருக்கும்.